தேய்ந்த ஸ்க்ரூ ஜாக்: நட்டை மாற்றுவதா, புதுப்பிப்பதா, புதிதாக வாங்குவதா?

நான்கு ஸ்க்ரூ ஜாக்குகள் (மரை வெட்டிய தண்டால் சுமையைத் தூக்கும் கருவிகள்) தூக்கும் மேடையில் ஒரு மூலை மட்டும் திசை மாறும்போது 'டக்' என்கிறது. அந்தப் பக்கத்து கிரீஸில் தங்கப்பொடி மின்னுகிறது. உடனே மூன்று யோசனைகள் வரும். வெண்கல நட்டை மட்டும் கடைந்து மாட்டலாம் என்பார் ஒருவர். ஷட்டவுனில் முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கலாம் என்பார் அடுத்தவர். பழசோடு மல்லுக்கட்டாமல் புதிதாக வாங்கிவிடலாம் என்பார் மூன்றாமவர். மூன்றும் சரியாக அமையும் இடங்கள் உண்டு. எது எங்கே என்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்க்ரூவின் மரைச் சரிவு (மரைப் பல்லின் சாய்ந்த பக்கம்) எந்த நிலையில் இருக்கிறது, தேய்மானம் எதனால் வந்தது என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் செலவுக் கணக்கே பேச வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு 5 டன் வகை வார்ம் ஜாக் ஒன்றை வைத்துக்கொள்வோம். மோட்டார் சுற்றும் திருகுப்பல் தண்டுதான் வார்ம், அது சுற்றும் பல்சக்கரம் வார்ம் வீல். ஸ்க்ரூ டிஆர் 40×7, அதாவது 40 மி.மீ. விட்டம், 7 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த பற்களுக்கு இடையிலான தூரம்), 30 டிகிரி சரிவகமரை. வார்ம் விகிதம் 7:1. வார்ம் தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஸ்க்ரூ 1 மி.மீ. ஏறும். ஸ்க்ரூ சுழலாமல் மேலும் கீழும் போகும் வகை இது. இந்த வகையில் தனியாக நட் கிடையாது. வார்ம் வீலின் நடுத்துளையில் வெட்டிய மரைதான் நட். ஆகவே 'நட்டை மாற்றுவது' என்றால் வார்ம் வீலையே மாற்றுவது என்று பொருள். ஸ்க்ரூ சுழன்று நட் நகரும் வகையில் (ரயில் பெட்டிகளைத் தூக்கும் வைட்டிங் ஜாக் போல) நட் தனி உருப்படி, அங்கே வேலை பாதியாகக் குறையும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் கேட்கும் விலைப்புள்ளி எதற்கும் உதவாது.

எதைத் தொடும் முன்பும் சுமையை ஜாக்கிலிருந்து இறக்கி, திடமான முட்டுக்கட்டைகளில் நிறுத்துங்கள். ஜாக் தானாக இறங்காமல் நிற்பது மரை உராய்வாலும் வார்ம் பிடியாலும்தான். வார்மை உருவியதும் அல்லது மூடியைக் கழற்றியதும் அந்தப் பிடி போய்விடும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது

ஜாக்கின் தலையில் கைக்குத் தெரியும் ஆட்டம் மூன்று இடங்களிலிருந்து வரலாம்: மரை இடைவெளி, வார்ம் வீலைத் தாங்கும் பேரிங்கின் அச்சு ஆட்டம், வார்முக்கும் வீலுக்கும் இடையிலான பல் ஆட்டம். மூன்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்துத்தான் பலர் நட் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

வார்ம் தண்டை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜை ஸ்க்ரூ தலையில் வைத்து, நெம்புகோலால் தலையை மேலே தள்ளி, பிறகு விடுங்கள். முள் காட்டுவது மரை இடைவெளியும் பேரிங் ஆட்டமும் சேர்ந்த தொகை. அடிப்பக்கத்துக் காப்புக் குழாயைக் கழற்றி, டயலை வார்ம் வீலின் முகத்தில் வைத்து அதையே மறுபடி செய்யுங்கள். இப்போது வருவது பேரிங் ஆட்டம் மட்டும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மரை இடைவெளி கிடைக்கும். பல் ஆட்டத்துக்கு, சுமையில்லாமல் வார்மைக் கையால் இரு பக்கமும் திருப்பி, வீல் நகரத் தொடங்கும் வரை எத்தனை டிகிரி சும்மா சுற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீலின் நான்கு நிலைகளில் இதைப் பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் அதிகம் என்றால் அந்த இடத்துப் பற்கள் போயிருக்கின்றன.

முக்கியமான அளவீடு இதற்குப் பிறகுதான். மரை இடைவெளியை ஸ்க்ரூவின் மூன்று உயரங்களில் எடுங்கள்: அடியில், அன்றாடம் அதிகம் ஓடும் நடுப்பகுதியில், மேலே. நட் எந்த உயரத்திலும் அதே நட்தான். எண்கள் மூன்றும் ஒன்றாக இருந்தால் தேய்ந்தது நட். அடியிலும் மேலேயும் 0.6, நடுவில் 0.9 என்று வந்தால், அந்த 0.3 மி.மீ. ஸ்க்ரூ இழந்தது. ஸ்க்ரூவைக் கழற்றாமலே இது தெரிந்துவிடும். கீழே வரும் தெரிவுகளில் பாதி இந்த ஓர் எண்ணிலேயே முடிவாகிவிடும்.

எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்? தயாரிப்பாளர்கள் ஒரே அளவைச் சொல்வதில்லை. மரைப் பல்லின் தடிமனில் கால் பங்கு என்பவர்களும் உண்டு, பிட்சில் கால் பங்கு என்பவர்களும் உண்டு. டிஆர் 40×7-இல் பல்லின் தடிமன் நடு விட்டத்தில் 3.5 மி.மீ. முதல் கணக்கில் எல்லை சுமார் 0.9 மி.மீ., இரண்டாவதில் 1.75 மி.மீ. வித்தியாசம் இரு மடங்கு. ஜாக்கின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. கையேடு இல்லையென்றால், குறிப்பாக ஆள் நடமாடும் இடத்துக்கு மேலே சுமை நிற்கும் என்றால், சிறிய எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு நட் (சுமை நட் போனால் சுமையைத் தாங்கும் இரண்டாவது நட்) உள்ள ஜாக்கில் அளப்பது இன்னும் எளிது. சுமை நட்டுக்கும் பாதுகாப்பு நட்டுக்கும் இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, புதிதாக மாட்டியபோது குறித்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

சுமை எப்போதும் கீழ்நோக்கி மட்டும் அழுத்தும் மேடையில் மரை இடைவெளி உயரத் துல்லியத்தைக் கெடுக்காது, ஏனென்றால் ஸ்க்ரூ எப்போதும் ஒரே சரிவில் உட்கார்ந்திருக்கும். அதனால் "அளவு சரியாகத்தானே நிற்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே பயப்பட வேண்டியது மெலிந்துபோன மரைப் பல் வெட்டுப்பட்டுச் சுமை விழுவதைப் பற்றி.

எத்தனை மில்லிமீட்டருக்கு ஒருமுறை சிக்குகிறது?

இறுக்கமோ சத்தமோ விட்டுவிட்டு வந்தால், ஓர் அடிக்கோல் வைத்து அது எத்தனை மி.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று அளந்து பாருங்கள். நம் எடுத்துக்காட்டு ஜாக்கில் 1 மி.மீ.க்கு ஒருமுறை என்றால் கோளாறு வார்ம் தண்டில் அல்லது அதன் கப்ளிங்கில் (தண்டுகளை இணைக்கும் இணைப்பில்): வளைந்த தண்டு, போன பேரிங், மையம் விலகிய கப்ளிங். 7 மி.மீ.க்கு ஒருமுறை என்றால் வார்ம் வீலில், ஏனென்றால் வீலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்க்ரூ 7 மி.மீ. நகரும். எப்போதும் ஒரே உயரத்தில் மட்டும் சிக்கினால் ஸ்க்ரூ அங்கே வளைந்திருக்கிறது, மரை அடிபட்டிருக்கிறது, அல்லது வழிகாட்டித் தண்டவாளம் அந்த இடத்தில் நெருங்கியிருக்கிறது. ஸ்க்ரூ சுழலும் வகையில் மட்டும் வளைந்த ஸ்க்ரூவும் சுற்றுக்கு ஒருமுறை இறுகும், அங்கே வீல் கோளாறையும் வளைந்த ஸ்க்ரூவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கிரீஸும் நிறையச் சொல்லும். மாவு போல நுண்ணிய, சீரான வெண்கலப் பொடி இயல்பான தேய்மானம். இழை இழையாக, சீவல் போல வெண்கலம் வந்தால் ஸ்க்ரூவின் சரிவு சொரசொரப்பாகி நட்டைச் சீவுகிறது, அல்லது பக்கவாட்டு விசை இருக்கிறது. சாம்பல் நிறத்தில் காந்தத்தில் ஒட்டும் துகள் வந்தால் எஃகு தேய்கிறது. அது ஸ்க்ரூவோ, வார்மோ, பேரிங்கோ என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டு விசை இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. சுமை முட்டுகளில் இருக்கும்போது ஜாக் தலையின் மேல்தட்டு போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். தலை 2 மி.மீ. பக்கமாக விலகி நின்றால், அவ்வளவு தூரமும் இதுவரை ஸ்க்ரூவை வளைத்துப் பிடித்திருந்தது என்று அர்த்தம். மேல் உயரத்திலும் கீழ் உயரத்திலும் செய்து பாருங்கள். இரண்டிலும் விலகல் ஒரே அளவு என்றால் ஜாக்கின் இருக்கை இடம் மாறியிருக்கிறது. உயரத்துக்கு உயரம் விலகல் மாறினால் ஜாக் செங்குத்தாக இல்லை, அல்லது வழிகாட்டிகள் இணையாக இல்லை. இதை ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யாமல் எந்த உதிரிபாகம் வாங்கினாலும் அதுவும் இதே வழியில் போகும்.

தெரிவு ஒன்று: இறுக்கி, கிரீஸ் மாற்றி, ஓடவிடுவது

மரை இடைவெளி எல்லைக்குள் இருந்து, பேரிங் ஆட்டம்தான் பெரிது என்றால் இதுவே போதும். பல ஜாக்குகளில் ஹவுசிங் (வெளிக்கூடு) மூடியே மரையுள்ள வளையம், கிரப் ஸ்க்ரூவால் (தலையில்லாத சிறு திருகால்) பூட்டப்பட்டிருக்கும். கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வார்மைக் கையால் சுற்றிக்கொண்டே மூடியை இறுக்குங்கள். கைக்குக் கனம் தெரியும் இடத்தில் நிறுத்தி, கனம் குறையும் வரை சிறிது பின்வாங்கிப் பூட்டுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் சூடேறிச் சீக்கிரம் போகும்.

பழைய கிரீஸை முழுவதும் கழுவி எடுங்கள். வெண்கலப் பொடி கலந்த கிரீஸ் மேல் புதியதை ஏற்றினால் அரைக்கும் பசை மாதிரிதான் வேலை செய்யும். வெண்கலத்தை அரிக்கும் கந்தகச் சேர்க்கை உள்ள கடின அழுத்த கிரீஸ் வேண்டாம். ஜாக் சூடாக ஓடும் இடத்தில் அரிப்பு இன்னும் கூடும். மாலிப்டினம் கலந்ததைத் தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும் போடுங்கள். டிஆர் 40×7-இன் மரை ஏற்றக்கோணம் (மரை சாய்ந்து ஏறும் கோணம்) சுமார் 3.5 டிகிரி. உராய்வுக் குணகம் 0.1 இருக்கும்வரை ஸ்க்ரூ தானாக இறங்காது. அது 0.06-க்குக் கீழே போனால் மரை மட்டும் பிடித்து நிற்காது. அதிர்வு உள்ள இடத்தில் வழுக்கும் கிரீஸ் போட்ட பிறகு மேடை இரவில் சில மில்லிமீட்டர் இறங்கியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தெரிவு இரண்டு: வார்ம் வீல் அல்லது நட் மட்டும்

எல்லோருக்கும் பிடித்த தெரிவு இது. அதிகம் பிழைபடுவதும் இதில்தான். மூன்று உயர அளவீட்டில் எண்கள் ஒன்றாக வந்து, ஸ்க்ரூவின் சரிவில் நகம் ஓட்டினால் கீறல் தட்டாமல், வார்மின் பற்களில் குழி விழாமல் இருந்தால் இதுவே சரியான வழி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். சொரசொரப்பான ஸ்க்ரூ புதிய வெண்கலத்தை அரம்போல ராவும். நடுவில் மெலிந்த ஸ்க்ரூவில் புதிய நட் தளர்வாக ஓடி, தேயாத முனைக்கு வரும்போது இறுகிச் சிக்கும். குழி விழுந்த பழைய வார்மோடு புதிய வீலைக் கூட்டினால், வீல் பற்கள் பழசின் ஆயுளில் ஒரு பகுதிகூடத் தாங்காது.

தயாரிப்பாளரின் உதிரிபாகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காமல் பட்டறையில் செய்கிறீர்கள் என்றால், தனி நட்டுக்கும் வார்ம் வீலுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். தனி நட்டை நல்ல லேத் பட்டறை எதுவும் செய்து தரும். தகர வெண்கலம் என்று பொருள் சான்றிதழோடு கேளுங்கள், நட்டின் மரைக்கு 7எச் என்ற துல்லிய வகுப்பு கேளுங்கள், மரைக்கான கேஜ் வைத்துச் சோதித்து வாங்குங்கள். கையிலிருந்த 'மஞ்சள் உலோகம்' எதையோ கடைந்து தந்த நட் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

வார்ம் வீல் அப்படியல்ல. அதை வெட்டும் ஹாப் (பல் வெட்டும் கருவி) உங்கள் வார்மின் விட்டம், ஏற்றம், தொடக்க எண்ணிக்கை, அழுத்தக்கோணம், மரை இடதா வலதா என எல்லாவற்றோடும் பொருந்த வேண்டும். 'ஏறக்குறைய' பொருந்தும் ஹாப்பில் வெட்டிய வீலில் பல் ஓரத்தில் மட்டும் தொடும். மாட்டும் முன் வார்மில் நீல மை தடவிச் சுற்றிப் பாருங்கள். மை பல்லின் நடுவிலோ, வார்ம் வெளியேறும் பக்கமாகச் சற்று ஒதுங்கியோ பதிய வேண்டும். நுழையும் ஓரத்தில் கோடாகப் பதிந்தால் எண்ணெய்ப் படலம் உள்ளே நுழைய வழியில்லை. அந்த வீலைத் திருப்பி அனுப்புங்கள்.

நட்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டித் தேயாத சரிவில் ஓட்டும் பழக்கமும் உண்டு. ஆட்டம் அப்படியேதான் இருக்கும், மெலிந்த பல் தடிமனாகிவிடாது. சத்தம் சில வாரம் அடங்குவதால் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கை மட்டும் வரும். சுமை தூக்கும் ஜாக்கில் இதைச் செய்யவே கூடாது. தேய்ந்த மரையில் வெல்டிங் போட்டு மறுபடி வெட்டுவதும் அப்படித்தான். ஸ்க்ரூ கோணிக்கொள்ளும், மரையில் அங்கங்கே கடினப் புள்ளிகள் வந்து நட்டைச் சீவும்.

தெரிவு மூன்று: ஸ்க்ரூ, வீல், வார்ம், பேரிங், சீல் எல்லாம் புதிதாக, ஹவுசிங் மட்டும் பழசு

ஸ்க்ரூவும் தேய்ந்திருந்து, ஹவுசிங் நன்றாக இருந்தால் இந்த வழி. ஹவுசிங் நன்றாக இருக்கிறதா என்பதற்கு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்: பேரிங் உட்காரும் துளைகளில் பேரிங் வெளிவளையம் சுற்றிய பளபளப்பு உண்டா, மூடியின் மரை முழுசாக இருக்கிறதா. முதலாவது இருந்தால் துளையைப் பெரிதாக்கி புஷ் போட வேண்டிவரும். வார்மின் மைய தூரம் ஒரு சிறிதும் மாறாமல் அதைச் செய்வது கடினம். அந்த நிலையில் புதிய ஜாக் மலிவாகவே முடியும்.

ஸ்க்ரூ ஆர்டர் செய்யும்போது ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. டிஆர் 40×7-க்குப் பதில் டிஆர் 40×14 பி7 என்ற இரட்டைத் தொடக்க மரை (இரண்டு மரைகள் இணையாக ஓடுவது) வந்துவிடுகிறது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டிலும் பற்களுக்கு இடையே 7 மி.மீ.தான். ஆனால் ஏற்றக்கோணம் 7 டிகிரிக்கு அருகில் போய்விடும், சுமை தானாக இறங்கும். முனையில் எத்தனை மரைத் தொடக்கம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்க்ரூ தேயாமல் வளைந்திருந்தால் நிமிர்த்தி மாட்டலாமா? நிமிர்த்தலாம், ஆனால் வளைந்ததன் காரணம் நீளமும் சுமையும் என்றால் மறுபடி வளையும். டிஆர் 40×7-இன் அடிவிட்டம் 32 மி.மீ. தலை எதிலும் பிடிக்கப்படாமல் 500 மி.மீ. வெளியே நீண்டிருந்தால், மூன்று மடங்கு பாதுகாப்போடு தாங்கக்கூடியது சுமார் 35 கிலோநியூட்டன், அதாவது மூன்றரை டன். 1000 மி.மீ. நீண்டால் அது 9 கிலோநியூட்டனுக்கும் கீழே. நீளம் இரண்டு மடங்கானால் தாங்குதிறன் நாலில் ஒன்றாகும். பெயர்ப்பலகையில் 5 டன் என்றிருப்பது இதைச் சொல்லாது. இங்கே தேவைப்படுவது பெரிய விட்ட ஜாக் அல்லது தலைக்கு ஒரு வழிகாட்டி.

தெரிவு நான்கு: புதிய ஜாக், அதே வகை

ஹவுசிங் போயிருந்தால், உதிரிபாகம் வர எடுக்கும் நாட்களை ஆலை தாங்காது என்றால், அல்லது ஜாக் அளவே தவறு என்று மேலே கண்ட கணக்கு காட்டினால் இதற்குப் போகலாம். தனியாக நிற்கும் ஜாக்கில் முடிவு எளிது. ஒரே மோட்டாரில் குறுக்குத்தண்டுகளால் இணைந்த நான்கில் ஒன்றை மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். பொருத்தும் துளைகளும் டன்னும் ஒத்துப்போனதால் அங்குல அளவு ஜாக் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள் என்று வையுங்கள்: கால் அங்குலப் பிட்ச், 6:1 விகிதம். வார்மின் ஒரு சுற்றுக்கு அது 1.058 மி.மீ. ஏறும், மற்ற மூன்றும் 1 மி.மீ. ஏறும். 500 சுற்றில் அந்த மூலை 29 மி.மீ. உயர்ந்து நிற்கும். அதற்கு வெகு முன்பே மேடை கோணி, ஏதோ ஒரு ஸ்க்ரூ வளைந்திருக்கும்.

தெரிவு ஐந்து: பால் ஸ்க்ரூ ஜாக்

பால் ஸ்க்ரூவில் மரைக்கும் நட்டுக்கும் இடையே குண்டுகள் உருளும். இதற்கு மாற ஒரே ஒரு நல்ல காரணம்தான் உண்டு: ஜாக் சூட்டினால் சாகிறது. சரிவகமரை ஜாக்கின் மொத்தத் திறன் 25 சதவீதம் அளவில்தான். 50 கிலோநியூட்டனை வார்ம் 300 சுற்று வேகத்தில் தூக்கினால் வெளியே வரும் வேலை 0.25 கிலோவாட், உள்ளே போவது 1 கிலோவாட். மீதி 0.75 கிலோவாட்டும் அந்தச் சின்ன ஹவுசிங்கிலும் மரையிலும் வெப்பமாக இறங்குகிறது. வேகத்தை இரட்டித்தால் வெப்பமும் இரட்டிக்கும். அதனால்தான் இவ்வகை ஜாக்குகளுக்கு ஓட்ட நேரம் மொத்த நேரத்தில் 20–30 சதவீதம் என்ற வரம்பு வைக்கிறார்கள். ஹவுசிங் 80 டிகிரியைத் தொட்டு, கிரீஸ் உருகி வழிந்து, நட் வருடா வருடம் போகிறதென்றால், நட் தரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. ஓட்ட நேரத்தைக் குறையுங்கள், பெரிய ஜாக்குக்கு மாறுங்கள், அல்லது பால் ஸ்க்ரூ போடுங்கள்.

பால் ஸ்க்ரூ தானாக நிற்காது. பிரேக் உள்ள மோட்டார் கட்டாயம். பிரேக் கப்ளிங்குக்கு மோட்டார் பக்கம் இருந்தால், கப்ளிங் உடைந்த நொடியில் சுமை இறங்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிமென்ட் தூசி, உமி, தீப்பொறி பறக்கும் இடங்களில் உறையில்லாமல் பால் நட் நீடிக்காது. மாதம் நான்கு முறை மட்டும் ஏறி இறங்கி, மற்ற நேரம் அதிர்வில் நிற்கும் ஜாக்குக்கு இதை வாங்குவது தவறு. குண்டுகள் ஒரே இடத்தில் அதிர்ந்து பாதையில் குழி போடும். அங்கே சரிவகமரைதான் நல்லது.

எதை மாற்றினாலும்

புதிய நட்டோ புதிய ஜாக்கோ மாட்டிய மூலை மற்ற மூன்றைவிடச் சற்று உயர்ந்திருக்கும், ஏனென்றால் பழைய நட்டின் தேய்மான அளவு இப்போது இல்லை. அந்த மூலையின் கப்ளிங்கைக் கழற்றி, வார்மைக் கையால் திருப்பி நான்கு மூலைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே கப்ளிங்கைப் பூட்டுங்கள். கப்ளிங்கை முதலில் பூட்டி, ஷிம் வைத்து மட்டம் செய்வது எளிதாகத் தோன்றும். அடுத்த முறை அந்த ஷிம்மை யாரோ எடுத்துவிடுவார்கள்.

லிமிட் சுவிட்சுகளையும் (ஓட்டத்தின் எல்லையில் மோட்டாரை நிறுத்துபவை) இந்த நேரத்தில் மறுபடி அமையுங்கள். ஸ்க்ரூ முனையில் முட்டி மோட்டார் தொடர்ந்து இழுத்தால் முதலில் உடைவது புதிய வீலின் பற்கள்தான்.

பிறகு முழுச் சுமையின் கால் பங்கில் சில முறை ஏற்றி இறக்கி ஆறவிடுங்கள், அடுத்து அரைப் பங்கில், அப்புறம் முழுச் சுமையில். ஒவ்வொரு கட்டத்திலும் ஹவுசிங் வெப்பத்தையும் மோட்டார் ஆம்பியரையும் எழுதிவையுங்கள். நம் ஜாக்குக்கு 50 கிலோநியூட்டன் தூக்க வார்மில் தேவைப்படுவது சுமார் 32 நியூட்டன் மீட்டர், கிளம்பும்போது இன்னும் கூடும். ஆம்பியர் கட்டத்துக்குக் கட்டம் சுமைக்கேற்ப ஏற வேண்டும். அதே சுமையில் ஓட்டத்துக்கு ஓட்டம் ஏறிக்கொண்டே போனால் நிறுத்துங்கள்: மூடி அதிகம் இறுகியிருக்கிறது அல்லது தலை பக்கமாக இழுபடுகிறது. முதல் வாரத்துக் கிரீஸில் கொஞ்சம் வெண்கலப் பொடி வரும், அது பழகும் தேய்மானம். ஒரு மாதம் கழித்து மரை இடைவெளியை மூன்று உயரங்களிலும் மறுபடி அளந்து, தேதியோடு ஜாக் எண்ணுக்கு நேரே பதிவேட்டில் எழுதுங்கள்.